இந்தப் பையன் தேறுவானா? கடலோரக் கபடியும் களத்தோரக் கணிப்பும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை சீர்பார்ப்பது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது தவிர வேறு பெரிய வேலை இருக்காது. பள்ளிக்கூட விடுமுறையும் இதோடு சேர்ந்து வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் திருவிழாவைச் சாக்கிட்டோ இளைஞர் மன்றத்தின் பேரிலோ மின்னொளிக் கபடி நடத்துவதற்குத் தோதான காலம் இது. 55 கிலோ, 65 கிலோ என்று எடை குறித்து நோட்டீஸ் அடிப்பார்கள். ஒன்பது மணிக்கு என்று அச்சடித்த ஆட்டம் பதினொன்றுக்குத் தொடங்கி விடிய விடியப் போகும். கயிற்றுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் பலர் ஒரு காலத்தில் ஆடியவர்கள். எந்த டீம் கோப்பையைத் தூக்கும் என்பதைவிட அவர்கள் வாயில் அதிகம் அடிபடுவது, "இந்தப் பையன் தேறுவானா?" என்ற கேள்விதான்.

இந்தக் கேள்விக்குக் களத்தோரத்தில் கிடைக்கும் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம்? கனடாவில் டிசம்பர் 26 வந்துவிட்டால் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியை வைத்து வீட்டுக்கு வீடு இதே வாதம் நடக்கும். சென்னையிலும் மதுரையிலும் 2025 நவம்பர் கடைசியில் தொடங்கிய ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியின்போது கேலரியில் கேட்டதும் இதுதான். இளசுகளைக் கணிப்பது பற்றி ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அவர்கள் கண்டதையும் நம் கடலோரத்து ஆட்கள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில இடங்களில் ஒத்துப்போகிறது, சில இடங்களில் நேர்மாறாக நிற்கிறது.

முதலில் நம் ஆட்களின் கண்ணுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். புதிதாகப் பார்க்க வருகிறவன் ரெய்டர் எத்தனை பேரைத் தொட்டான் என்று எண்ணுவான். பழைய ஆட்டக்காரர் பார்ப்பது ரெய்டரின் கால். நடுக்கோட்டைத் தாண்டியதும் எந்தக் காலில் பாரத்தை வைக்கிறான், போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போது பின்கால் தரையில் இருக்கிறதா, கார்னரில் நிற்பவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கவரில் நிற்பவனிடம் கையை ஓட்டுகிறானா என்று கவனிப்பார். திரும்பி வரும்போது முதுகைக் காட்டினால், "இவன் இன்னும் பழகணும் தம்பி" என்று அப்போதே தீர்ப்பு வந்துவிடும். பிடிக்கிறவர்கள் விஷயத்தில் இன்னும் கறார். கணுக்காலைப் பிடித்துவிட்டான் என்று சின்னப் பையன்கள் கத்தும்போது, "பிடிச்சது பெருசில்ல, எப்பப் பிடிச்சான்னு பாரு" என்பார் ஒருவர். ரெய்டரின் கால் தரையில் பதியும் அந்த நொடிக்கு முன்னால் பாய்ந்தால் உதறிவிட்டுப் போய்விடுவான். பின்னால் பாய்ந்தால் நடுக்கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போவான். செயின் போட்டு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவன் கையை எப்போது விடுகிறான் என்பதுவரை பார்க்கும் ஆட்கள் உண்டு. எந்தப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ளக்கூடிய அறிவு இது. சான்றிதழ் வாங்காமல் நாற்பது கோடையில் சேர்த்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இவர்களோடு ஒத்துப்போவதில்லை. "வலை இழுத்த கை, அதான் இந்தப் பிடி" என்று கடற்கரைப் பையன்களைப் பற்றிச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கைக்கு வலு வரும், சந்தேகமில்லை. ஆனால் கபடியில் பிடி தவறுவது பெரும்பாலும் வலுக்குறைவால் அல்ல, நேரம் தவறுவதால். கடலுக்கே போகாத வயற்காட்டு ஊர்ப் பையன்களும் இதே பிடி பிடிக்கிறார்கள். திருவாரூர் மாவட்டத்து வடுவூர் கபடிக்குப் பெயர் எடுத்தது எந்த வலையையும் இழுத்து அல்ல.

கணிப்பு தவறும் இடம் வேறு. அதை முதலில் கண்டுபிடித்ததும் ஒரு பார்வையாளர்தான் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. 1980களின் நடுவில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் லெத்பிரிட்ஜ் பிராங்கோஸ் என்ற ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டத்தைப் பார்க்க உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி மனைவி பாலாவோடு போயிருந்தார். ஆட்டக்காரர் பட்டியல் அச்சிட்ட தாளைப் புரட்டிக்கொண்டிருந்த பாலாவுக்குப் பிறந்த தேதிகள் கண்ணில் பட்டன. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மற்ற அணிகளையும் பார்த்தார்கள். அங்கும் அதே கதை. 1985இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. காரணம் எளிது. கனடாவில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் எடையிலும் நன்றாகத் தெரியும். பெரிய பையனைத் திறமைசாலி என்று எடுப்பார்கள். எடுத்த பிறகு அவனுக்கு நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டம். சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே நன்றாக ஆடத் தொடங்கிவிடுவான், கணித்தவர்கள் தாங்கள் சரியாகச் சொன்னதாக நினைத்துக்கொள்வார்கள்.

இதன் தொடர்ச்சி இன்னும் சுவையானது. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல், இளம் ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வுகளைப் பல ஆண்டுகளுக்கு அலசி 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தங்கள் தகுதிக்குக் கீழே, வரிசையில் பின்தள்ளித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று காட்டியது. பிற்பாடு அவர்கள் ஆடிய ஆட்டமும் எடுத்த புள்ளியும் அந்த வரிசை எண்ணுக்கு மீறியதாக இருந்தன. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆள் பார்க்கிறவர்களின் கண்ணும் உடம்பைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்கிறது.

இதே கணக்கை நம் ஊரில் போட்டுப் பார்க்க நினைத்தால் முதல் தடை பிறந்த தேதி. முந்தைய தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய தேதிதான் பிறந்த நாள். மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் நம்மிடையே இவ்வளவு பேர் இருப்பது அதனால்தான். பிறப்புச் சான்றிதழ் வந்த பிறகு இது குறைந்துவிட்டது. வேண்டுமென்றே வயதைக் குறைத்துக் காட்டுவது வேறு வியாதி. ராகுல் திராவிட் 2015இல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் கிரிக்கெட்டில் நடக்கும் இந்த மோசடியைப் பற்றிப் பேசினார். சொற்பொழிவில் பாதி நேரம் இதற்கே போயிருந்தாலும் தகும். பதினாறு வயதுப் பிரிவில் பத்தொன்பது வயதுக்காரன் நின்றால் களத்தோரத்தில் இருப்பவர் அவனைத்தான் "பெரிய ஆளா வருவான்" என்பார். அவன் ஏற்கெனவே வந்துவிட்டவன்.

கபடியில் எடைப் பிரிவு இருப்பதால் இந்தச் சிக்கல் தலைகீழாகத் திரும்புகிறது. அமெச்சூர் கபடி விதிப் புத்தகத்தில் நெடுங்காலம் இருந்துவந்த கணக்குப்படி சப் ஜூனியருக்கு 16 வயது, 55 கிலோ. ஜூனியர் ஆண்களுக்கு 20 வயது, 70 கிலோ. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ. அங்கே வயதும் எடையும் சேர்ந்து வருகின்றன. ஊர்ப் போட்டிகளில் பல இடங்களில் எடை மட்டும்தான். எடை மெஷின் ஒன்று மேடைக்குக் கீழே இருக்கும், அதில் ஏறி இறங்கினால் போதும், வயதை யாரும் கேட்பதில்லை. ஆகவே 55 கிலோ ஆட்டத்தில் ஒன்பதாவது படிக்கும் பையனும் கல்யாணமான இருபத்தாறு வயது ஆளும் எதிரெதிரே நிற்கலாம். பின்னவருக்கு எட்டு வருட அனுபவம், முறுக்கேறிய உடம்பு, பதற்றமில்லாத தலை. கூட்டம் கைதட்டுவது அவருக்கு. ஆனால் அவர் உடம்பு இனி வளராது. 80 கிலோ கார்னர் ஆட்கள் நிற்கும் சீனியர் ஆட்டத்தில் 55 கிலோ ஆளால் எவ்வளவு தாக்குப்பிடிக்க முடியும்? அதே ஆட்டத்தில் மூன்று முறை பிடிபட்டு, முழங்கை சிராய்த்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பையனின் பாதத்தையும் மணிக்கட்டையும் பார்த்தால், இன்னும் நான்கு வருடத்தில் அவன் நல்ல எடைக்கு வரக்கூடும் என்று தோன்றும். அப்படிப் பார்க்கிறவர் கூட்டத்தில் ஓரிருவர்தான். எடை குறைப்பதற்காக ஆட்டத்துக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்து, தண்ணீரும் குடிக்காமல் வந்து நிற்கும் பையன்கள் இருக்கிறார்கள். அந்த இரவில் அவன் சோர்ந்து ஆடுவதைப் பார்த்து அவன் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அநியாயம். பையன்களைப் பட்டினி போட்டு மெஷினில் ஏற்றும் குழுக்காரர்களை அதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டும்.

ரெய்டருக்குக் கிடைக்கும் கவனம் பிடிக்கிறவனுக்குக் கிடைப்பதில்லை என்பது இன்னொரு கோணல். ரெய்டு போகும் 30 விநாடியும் எல்லாக் கண்ணும் ஒருவன்மேல் இருக்கும். ஏழு பேரில் ஒருவனாக நிற்பவன் சரியான இடத்தில் நின்றதாலேயே ரெய்டர் அந்தப் பக்கம் வராமல் திரும்பினான் என்றால் அதை யார் எண்ணுவது? பிடிக்கிற ஆட்டம் மெதுவாக முற்றுவது. தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் 2016இல் பட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை ஏற்று, தொழில்முறை லீக்கான ப்ரோ கபடியின் கோப்பையை வாங்கியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். அந்த வயதிலும் அவர் முன்னால் இருபது வயது இளையவர்கள் காலை நீட்டப் பயந்தார்கள். ஐஸ் ஹாக்கியில் கோல் கீப்பர்களின் கதையும் இதைப்போன்றதே. ஸ்வீடனின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000ஆம் ஆண்டு என்எச்எல் தேர்வில் 205ஆவது ஆளாகப் போனார். பிற்பாடு அவர் தலைமுறையின் தலைசிறந்த கோல் கீப்பர்களில் ஒருவர்.

கூட்டம் சேர்ந்து கணித்தால் தனி ஆளைவிடச் சரியாக இருக்கும் என்று ஒரு கட்சி உண்டு. 1907இல் பிரான்சிஸ் கால்டன் எழுதிய சிறு கட்டுரைதான் அதற்கு மூலம். இங்கிலாந்தில் பிளைமவுத் கண்காட்சியில் ஒரு காளையைக் காட்டி, வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு தேறும் என்று சீட்டு எழுதிப் போடச் சொன்னார்கள். 787 சீட்டுகள். வரிசைப்படுத்தி நடுவில் இருந்ததை எடுத்தால் 1207 பவுண்டு. உண்மையான எடை 1198. ஆளுக்கு ஆள் தனித்தனியாக எழுதியதால் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயின. நம் மின்னொளி ஆட்டத்தில் அது நடக்காது. காரணம் மைக். வர்ணனையாளர் முதல் பாதியிலேயே ஒரு பையனுக்குப் பட்டம் கட்டிவிடுவார். "இதோ புறப்பட்டுவிட்டது கடற்கரைச் சிங்கம்" என்று குழாய் ஒலிபெருக்கி நாலு திசைக்கும் முழங்கும். நன்கொடையாளர் ஒருவர் அவன் பேருக்கு ஐந்நூறு ரூபாய் அறிவிப்பார். அதற்குப் பிறகு அவன் தொட்டது எல்லாம் எல்லார் கண்ணிலும் படும், அவன் சொதப்பியது நடுவரின் தப்பு ஆகிவிடும். கூட்டத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் கணிப்பு ஒன்றே ஒன்றுதான், அது மைக் பிடித்தவருடையது.

பலித்த கணக்கும் பலிக்காத கணக்கும் எப்படி? 2016 டிசம்பரில் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என வென்று இந்தியா ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையை வாங்கியது. அந்த அணியின் ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், வருண் குமார், சுமித், நீலகண்ட சர்மா, குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங் ஆகியோர் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தார்கள். ஒரே ஜூனியர் அணியிலிருந்து இத்தனை பேர் மேலே போவது பெரிய விஷயம். கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் ஹர்ஜீத் சிங் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் வாழ்க்கையை வைத்து 2018இல் பஞ்சாபியில் படமே வந்துவிட்டது. ஆனால் சீனியர் அணியில் அவருக்கு நிலைத்த இடம் கிடைக்கவில்லை. 1993இல் என்எச்எல் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட அலெக்சாந்த்ரே டேகல், இரண்டாவதாகப் போனவனை யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்ற தோரணையில் பேசினார். இரண்டாவதாகப் போன கிறிஸ் பிராங்கர் இன்று புகழரங்கத்தில் இருக்கிறார். டேகலின் பெயர் வருவது இந்தக் கதையைச் சொல்லும்போதுதான்.

தனித்தனிக் கதைகளை விட்டுவிட்டு மொத்தமாகப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மன் ஆய்வாளர் ஆர்னே கியூலிச்சும் அவர் குழுவினரும் பல விளையாட்டுகளின் தரவுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 17, 18 வயதில் சர்வதேச அளவில் ஆடியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெரியவர்களான பிறகு அந்த நிலையைத் தொடவில்லை. பெரியவர்களாகி அந்த நிலைக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அந்த வயதில் அங்கே இல்லை. களத்தோரத்துக் கணிப்பு தவறுவதற்குக் கணிப்பவர் மட்டும் காரணமில்லை. கணிக்கப்படும் பொருளே அப்படிப்பட்டது.

சந்தை இதை வேறு வழியில் சமாளிக்கிறது. 2014இல் தொடங்கிய ப்ரோ கபடி, புதிய இளம் ஆட்டக்காரர்கள் என்று தனிப் பிரிவு வைத்துப் பையன்களைக் குறைந்த விலைக்கு எடுக்கிறது. நவீன் குமார் 2018இல் தபங் டெல்லி அணிக்கு வந்து, அடுத்த இரண்டு சீசனிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2022இல் தமிழ் தலைவாஸுக்கு முதன்முறையாக ஆடிய நரேந்தர், அந்த ஒரே சீசனில் ரெய்டில் மட்டும் 243 புள்ளி எடுத்தார். 2018இல் அறிமுகமாகி அமளி செய்த சித்தார்த் தேசாய், அடுத்த ஏலத்திலேயே 1 கோடியே 45 லட்சத்துக்குப் போனார். பிறகு காயங்கள் அவரை வாட்டின. தலைவாஸில் தமிழ்ப் பையன்கள் போதவில்லை என்ற குறை 2017இல் அணி வந்த நாளிலிருந்து நம் ஊர்க் களங்களில் கேட்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் மண்ணில் ஆடி வளர்ந்தவன் ஷூ மாட்டிக்கொண்டு, மேட் எனும் விரிப்பின்மேல் திரும்பக் கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேட் விரித்த களம் நம் பக்கத்தில் எத்தனை பையன்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது?

இத்தனைக்கும் இடையில், "தேறுவான்" என்று ஊரில் சொல்லும்போது யாரும் ஏலத்தை மனதில் வைத்துச் சொல்வதில்லை. போலீஸ், ரயில்வே, மின்வாரியம், வங்கி, இவற்றில் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நுழைந்துவிடுவான் என்று அர்த்தம். மாநில அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. மாவட்ட அணி, மாநில அணி, சான்றிதழ், வேலை, இதுதான் ஏணி. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கி, அர்ஜுனா விருதும் பெற்றார். 2025இல் வந்த 'பைசன்' படம் அவரிடமிருந்து கதை எடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணிகள் இரண்டுமே ஈரானை வென்று தங்கம் வாங்கின. ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ், பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் தமிழக அரசு கொடுத்தது. கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் வருவாள் என்று களத்தோரத்தில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? பெண்கள் ஆட்டத்துக்கு நம் கடலோரத்தில் அந்தக் களத்தோரமே இன்னும் சரியாகக் கூடவில்லை.

வேலை என்ற அந்தக் கணக்கில் பார்த்தால் ஊர்க்காரருக்கு ஆய்வாளரைவிட ஒரு வசதி அதிகம். ஏலத்துக்கு ஆள் பார்க்கிறவரும் பையனை ஒரு முகாமில் இரண்டு நாள்தான் பார்ப்பார். ஊர்க்காரர் அவனை எட்டாவது படிக்கும்போதிலிருந்து நான்கைந்து கோடை பார்க்கிறார். அவன் அப்பா எவ்வளவு உயரம், முழங்கால் அடிபட்டபின் எத்தனை நாளில் திரும்பி வந்தான், தோற்ற மறுநாள் காலையில் பயிற்சிக்கு வந்தானா, குடும்பத்தில் கடன் எவ்வளவு, எல்லாம் தெரியும். மைக்கை அணைத்துவிட்டு, விடிந்தபின் டீக்கடையில் இவர்களிடம் தனித்தனியாகக் கேட்டால் வரும் பதிலுக்கும் முதல் நாள் இரவு கயிற்றோரத்தில் கேட்டதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். "ஆட்டம் இருக்கு மாப்ள. ஆனா அண்ணன்காரன் சிங்கப்பூர் போயிட்டான். இவன் போட்ல ஏறலன்னா வீட்டுல அடுப்பு எரியாது" என்பார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் எதிலும் இந்தப் பதில் இல்லை. விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகிறது. போகிற பையன் ராத்திரியெல்லாம் வலையோடு இருந்துவிட்டு மறுநாள் வந்து தூங்குவான். பயிற்சிக்கு எப்போது வருவான்? பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு மாதக்கணக்கில் சிறையிலிருந்து திரும்பியவர்கள் இந்த ஊர்களில் பலர். பதினெட்டு வயதில் ஒருவன் கபடியை விட்டான் என்றால், திறமை போதாமல் விட்டானா, படகு கூப்பிட்டு விட்டானா என்று ஊருக்குத் தெரியும். ஆய்வாளரின் பட்டியலில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றுபோல "தேறாதவர்கள்".

இப்போது ஒரு புதிய வசதி வந்திருக்கிறது. பல ஊர்ப் போட்டிகளைச் செல்போனிலோ கேமராவிலோ பிடித்து யூடியூபில் நேரலை விடுகிறார்கள். ஐந்து வருடத்துக்கு முந்தின 55 கிலோ ஆட்டம், வர்ணனையும் சேர்த்து, அப்படியே கிடக்கிறது. யாரை "பெரிய ஆளா வருவான்" என்றார்கள், யார் பெயரையே சொல்லவில்லை என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், மாவட்டக் கபடிக் கழகத்து ஆள் ஒருவர், பழைய ஆட்டக்காரர் இரண்டு பேர் சேர்ந்தால், வருடத்துக்கு ஒருமுறை பையன்களின் உயரத்தையும் எடையையும் குறித்து வைத்துக்கொண்டு இதைச் செய்துவிடலாம். செலவு ஒரு நோட்டும் ஒரு அளவு நாடாவும். தடைக்காலத்தில் ஆள் கிடைப்பதற்கும் பஞ்சமில்லை. இப்போதைக்கு அந்த வீடியோக்களைத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள், பெரும்பாலும், அன்றைக்கு நடுவர் கொடுத்த போனஸ் சரியா தப்பா என்று சண்டை போடத்தான் பார்க்கிறார்கள்.